பென் ஹோகன்: கடைசி அடியிலிருந்து யோசித்த மனிதர்



இந்த இதழில் ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். கிரிக்கெட் இல்லை, கோல்ஃப். உடனே பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். பணக்காரர்கள் காலை வேளையில் தொப்பி போட்டுக்கொண்டு ஆடுவது, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். இந்தியாவில் கோல்ஃப் 1829-லேயே கல்கத்தாவில் வந்துவிட்டது. நம் மாநிலத்தில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மைதானங்கள் இருக்கின்றன. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அவற்றை வேலிக்கு வெளியே இருந்துகூடப் பார்த்ததில்லை.

நான் சொல்லப்போகும் மனிதரும் வேலிக்கு வெளியே இருந்து வந்தவர்தான். ரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்ற பையன். பிறகு உலகின் தலைசிறந்த கோல்ஃப் வீரர்களில் ஒருவரானார். நடுவில் நெடுஞ்சாலையில் பஸ் மோதிச் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே வாரம் ஒரு முறையாவது போய்வரும் நமக்கு அந்த விபத்து அந்நியமான விஷயம் இல்லை. அவர் பெயர் பென் ஹோகன்.

ரயில் நிலையத்துப் பையன்

1912 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் கொல்லர், குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். மோட்டார் வண்டி வந்த பிறகு அந்தத் தொழில் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியும். 1922-இல், பென்னுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அந்தத் தகப்பனார் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தாயும் மூன்று பிள்ளைகளும் ஃபோர்ட் வொர்த் நகரில் திண்டாடினார்கள். பென் ரயில் நிலையத்தில் பேப்பர் விற்றான். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள் ஜன்னல் ஜன்னலாக ஓடி விற்கும் பையன்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அப்படி ஒரு பையன்.

பதினோரு வயதில், பக்கத்தில் உள்ள கோல்ஃப் கிளப்பில் மட்டைப் பை சுமந்தால் அதைவிட அதிகம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போனான். அந்த வேலை செய்பவருக்குப் பெயர் கேடி. நம் ஊரில் கேடி என்றால் வேறு அர்த்தம். அங்கே அது கௌரவமான கூலி வேலை. ஆடுபவரின் பையைச் சுமக்க வேண்டும், பந்து எங்கே விழுந்தது என்று பார்த்து வைக்க வேண்டும், எந்த இடத்தில் மேடு பள்ளம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதே கிளப்பில் அதே வயதில் பைரன் நெல்சன் என்று இன்னொரு பையனும் கேடியாக இருந்தான். 1927 கிறிஸ்துமஸ் சமயத்தில் கேடிப் பையன்களுக்கு ஒரு போட்டி நடந்தது. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் நெல்சன் ஜெயித்தான். கிளப்பில் சிறுவர் உறுப்பினர் இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் நெல்சனுக்குப் போயிற்று. பின்னாளில் இருவருமே உலகப் புகழ் பெற்றார்கள் என்பது வேறு கதை.

பென் பதினெட்டு வயது முடிவதற்கு முன்பே, 1930-இல், தொழில்முறை ஆட்டக்காரர் என்று பதிவு செய்துகொண்டார். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். ஊர் ஊராகப் போய் ஆடினார், கைப்பணம் தீர்ந்து வீடு திரும்பினார், மறுபடி போனார். 1935-இல் வாலரி என்ற பெண்ணை மணந்தார். பிறகு இருவருமாக ஒரு பழைய காரில் சுற்றினார்கள். தனியாக அவர் ஜெயித்த முதல் போட்டி 1940 மார்ச்சில்தான் வந்தது. பத்து வருடம் காத்திருந்தார். வந்தபோது இரண்டே வாரத்தில் அடுத்தடுத்து மூன்று வெற்றிகளாக வந்தது. அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடங்களும் பரிசுப் பணத்தில் அவரே முதலிடம்.

முதல் அடி என்றால் என்ன

இனி வருவது புரிய, ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம் உண்டு. அங்கே தரையில் ஒரு சிறு ஆணியைக் குத்தி, அதன் மேல் பந்தை வைத்து முதல் அடி அடிக்க வேண்டும். அந்த ஆணிக்கு டீ என்று பெயர், அந்த அடிக்கு டீ ஷாட் என்று பெயர். குழி நூறு, இருநூறு மீட்டரிலும் இருக்கும், அரை கிலோமீட்டர் தள்ளியும் இருக்கும். நடுவில் வெட்டிய புல், ஓரங்களில் உயரமான புல், ஆங்காங்கே மணல் பள்ளங்கள், ஓடைகள், எல்லை வேலி. குறைந்த அடியில் குழியில் போடுபவர் வெற்றி பெறுவார்.

டீ ஷாட் அடிக்க வருபவர் சாதாரணமாக என்ன நினைப்பார்? முடிந்தவரை தூரமாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கேரம் ஆடத் தெரியாதவர் கைக்கு எட்டிய காயை அடித்துத் தள்ளுவது போல. நன்றாக ஆடுபவர் இந்தக் காயைப் போட்ட பிறகு ஸ்டிரைக்கர் எங்கே நிற்கும், அடுத்த காய்க்கு வழி இருக்குமா என்று பார்த்துத்தான் விரலைச் சுண்டுவார்.

ஹோகன் அந்த வகை. அவருடைய கணக்கு குழியிலிருந்து தொடங்கும். இன்று கொடிக் கம்பு எந்த ஓரத்தில் நட்டிருக்கிறது? அந்த ஓரத்துக்குத் தடையில்லாமல் பந்து போக வேண்டுமானால் இரண்டாவது அடியை எங்கிருந்து அடிக்க வேண்டும், பாதையின் இடப்பக்கமா, வலப்பக்கமா? அந்த இடத்தில் பந்து வந்து நிற்க வேண்டுமானால் முதல் அடி எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்த மட்டை வேண்டும்? இப்படிப் பின்னோக்கி வந்து, கடைசியில்தான் டீயில் பந்தை வைப்பார். இன்று எல்லா மைதானத்துக்கும் தூரக் கணக்கு அச்சிட்ட கையேடு கிடைக்கிறது. அந்தக் காலத்தில் அது இல்லை. அவரே நடந்து, பார்த்து, மனத்தில் பதித்துக்கொண்டார்.

வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. பணம் கொடுக்கும் தேதியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கடைசித் தவணை எப்படி வரும் என்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னால் வந்துதான் எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்வார்கள்.

ஆரம்பத்தில் ஹோகனிடம் ஒரு குறை இருந்தது. அவர் பலமாக அடித்தால் பந்து திடீரென்று இடப்பக்கம் வளைந்து ஓடிவிடும். எந்த அடியில் வளையும் என்று சொல்ல முடியாது. எத்தனை திட்டம் போட்டாலும் பந்து கட்டுப்படாவிட்டால் அது காகிதத் திட்டம்தான். மணிக்கணக்காகத் தனியே பயிற்சி செய்தார். உலகப் போரின்போது விமானப் படையில் பணியாற்றித் திரும்பிய பிறகு, 1940-களின் நடுவில், அதற்கு ஒரு தீர்வு கண்டார். பிடியையும் மணிக்கட்டையும் மாற்றி, பந்து கடைசியில் மெதுவாக வலப்பக்கம் திரும்பும்படி செய்தார்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். பந்து இரண்டு பக்கமும் போகக்கூடும் என்றால், பாதையின் நடுவைக் குறிவைத்தாலும் தப்புவதற்கு இரண்டு பக்கமும் பாதிப் பாதிதான் இடம். பந்து வலப்பக்கம்தான் திரும்பும் என்று உறுதியானால், இடது ஓரத்தைக் குறிவைக்கலாம். நினைத்தபடி திரும்பினால் பந்து நடுவில் நிற்கும். திரும்பாமல் நேரே போனால் இடது ஓரத்தில் நிற்கும், அதுவும் பாதைதான். கொஞ்சம் அதிகமாகத் திரும்பினால் வலது ஓரம், அதுவும் பாதைதான். ஒரே ஒரு தவறை ஒழித்ததில் பாதையின் முழு அகலமும் அவருக்குக் கிடைத்தது. 1946-இலும் 1948-இலும் பி.ஜி.ஏ. பட்டம், 1948-இல் அமெரிக்க ஓப்பன் பட்டம் என்று வரிசையாக வென்றார்.

பனிமூட்டத்தில் ஒரு காலை

1949 பிப்ரவரி 2. அரிசோனாவில் ஒரு போட்டி முடிந்து, ஹோகனும் வாலரியும் காரில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டெக்ஸாஸில் வான் ஹார்ன் என்ற சிற்றூருக்கு அருகே கடும் பனிமூட்டம். ஹோகன் மெதுவாகத்தான் ஓட்டினார். எதிரே ஒரு லாரி. அதை முந்துவதற்காக ஒரு பெரிய பஸ் இவர்கள் பக்கத்துக்கு ஏறி வந்துவிட்டது. ஒதுங்க இடமில்லாத ஒரு சிறு பாலத்தின் மேல் இது நடந்தது.

நாற்கரச் சாலை வருவதற்கு முன் நம் ஜி.எஸ்.டி. சாலையில் பயணம் செய்தவர்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டி, மார்கழி விடியற்காலையில், எதிரே இரண்டு ஜோடி விளக்குகள் பக்கம் பக்கமாக வருவதைப் பார்த்தவர்கள் நம் குடியிருப்பிலேயே பலர் இருப்பார்கள்.

மோதப் போகிறது என்று தெரிந்த கணத்தில் ஹோகன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, மனைவியைக் காப்பதற்காக அவர் மேல் குறுக்கே பாய்ந்தார். வாலரி சிறு காயங்களோடு பிழைத்தார். மோதிய வேகத்தில் ஸ்டியரிங் தண்டு ஓட்டுநர் இருக்கையைத் துளைத்துக்கொண்டு போயிற்று. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

உயிர் பிழைத்தாலும் இடுப்பெலும்பு, தோள்பட்டை எலும்பு, கணுக்கால், விலா எல்லாம் முறிந்திருந்தன. சில வாரங்களில் இரத்தக் கட்டிகள் நுரையீரலுக்குப் போகத் தொடங்கின. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு பெரிய அறுவை மருத்துவர் வந்து, கால்களிலிருந்து இரத்தம் திரும்பும் பெரிய நாளத்தையே கட்டிவிட்டார். உயிருக்கு வந்த ஆபத்து நீங்கியது. ஆனால் அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் நடந்தால் கால் வீங்கும், வலிக்கும். மறுபடி நடப்பாரா என்பதே சந்தேகம் என்றார்கள். கோல்ஃப் பற்றி யாரும் பேசவே இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். கோல்ஃப் அடிப்படையில் நடக்கிற ஆட்டம். ஒரு சுற்று 18 குழிகள் என்றால் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடை. பந்து புதருக்குள் போனால் நடை இன்னும் கூடும். கால் நன்றாக இருப்பவருக்கு ஒரு தப்பான டீ ஷாட் என்பது ஓரிரு அடிகள் நஷ்டம், அவ்வளவே. ஹோகனுக்கு அது அடியிலும் நஷ்டம், காலிலும் நஷ்டம். விபத்துக்கு முன்பும் அவர் யோசித்து ஆடியவர்தான். விபத்துக்குப் பின் யோசிக்காமல் அடிக்க அவரிடம் கையிருப்பே இல்லை.

மெரியனும் கார்னூஸ்டியும்

விபத்து நடந்து 16 மாதம் கழித்து, 1950 ஜூன் மாதம், பிலடெல்ஃபியா அருகே மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் போட்டி. கால்களில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மைதானத்தை முன்பே ஆராய்ந்து, தன் திட்டப்படி ஆடினால் ஏழாம் எண் மட்டைக்கு இங்கே வேலை இல்லை என்று முடிவு செய்து, அதைப் பையிலிருந்தே எடுத்துவிட்டார். டீ ஷாட் எங்கே விழும் என்பதில் அவ்வளவு உறுதி இருந்தால்தான் அடுத்த அடிக்கு எந்த மட்டை தேவைப்படாது என்று சொல்ல முடியும்.

அக்காலத்தில் கடைசி நாளில் இரண்டு சுற்றுகள், 36 குழிகள், ஒரே நாளில் ஆட வேண்டும். இரண்டாம் சுற்றின் 12-ஆவது குழியில் டீ ஷாட் அடித்ததும் கால் பூட்டிக்கொண்டு விழப் போனார். அருகில் இருந்தவரைப் பிடித்துச் சமாளித்தார். வலியோடு ஆடியதில் முன்னிலை கரைந்து, கடைசிக் குழியில் நான்கு அடிக்குள் முடித்தால்தான் சமன் என்ற நிலை வந்தது. அந்தக் குழியின் டீ ஷாட் ஒரு பழைய கல்குவாரியைத் தாண்டி விழ வேண்டும். தாண்டி, நேராக விழுந்தது. அடுத்து ஒன்றாம் எண் இரும்பு மட்டை. அது பலரும் கையில் எடுக்கவே தயங்குவது. பந்து குழிக்குரிய புல்தரையில் ஏறி நின்றது. இன்னும் இரண்டு அடி, சமன். அந்த ஒன்றாம் எண் அடியின் புகைப்படம் விளையாட்டு உலகில் மிகவும் பிரபலம். மறுநாள் மூவர் ஆடிய தனிச் சுற்றில் 69 அடியில் முடித்து, அடுத்து வந்தவரை நான்கு அடி வித்தியாசத்தில் வென்றார்.

1951-இல் மாஸ்டர்ஸ், மீண்டும் அமெரிக்க ஓப்பன். 1953-இல் மறுபடி இரண்டும். அதே வருடம் ஜூலையில் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்குப் போனார். வென்றவருக்குப் பரிசு 500 பவுண்ட்தான். அட்லாண்டிக்கைக் கடந்து போய் வருவதற்குக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாத பயணம். இரண்டு வாரம் முன்னதாகவே போய் இறங்கினார். அங்கே ஆடும் பந்து அமெரிக்கப் பந்தைவிடச் சற்றுச் சிறியது, காற்றும் பலமான கடல் காற்று. பந்தைப் பழகினார், தரையைப் பழகினார். மாலை வேளைகளில் குழியிலிருந்து தொடக்க இடத்தை நோக்கி, தலைகீழாக மைதானத்தை நடந்து பார்த்தார் என்றும் சொல்வார்கள்.

அங்கே ஆறாவது குழி அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். பாதையின் நடுவே மணல் பள்ளங்கள். வலப்பக்கம் தாராளமான இடம். இடப்பக்கம் பள்ளத்துக்கும் எல்லை வேலிக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு சந்து. வேலியைத் தாண்டினால் தண்டனை அடி. பார்த்தவுடன் எவருக்கும் வலப்பக்கம்தான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஆனால் வலப்பக்கம் போனால் அடுத்த அடிக்கு வழி சரியில்லை. அந்தப் பக்கம் ஓர் ஓடை குறுக்கிடுகிறது. இடது சந்தில் பந்தை நிறுத்தினால் குழிவரை பாதை திறந்திருக்கும். ஹோகன் அந்தச் சந்தைத் தேர்ந்தெடுத்தார். இடப்பக்கம் தொடங்கி மெதுவாக உள்ளே திரும்பும் அவருடைய அடிக்கு அந்த வேலி பயமாக இருக்கவில்லை. கடைசி நாளின் இரண்டு சுற்றிலும் அதே வழியில் போனார். காய்ச்சலோடு ஆடிய அந்த நாளில் 70, 68 என்று முடித்து, நான்கு அடி வித்தியாசத்தில் கோப்பையை வென்றார். 2003-இல் அந்தக் குழிக்கே ஹோகனின் சந்து என்று முறைப்படி பெயர் சூட்டினார்கள். அவர் பிரிட்டிஷ் ஓப்பனில் ஆடியது அந்த ஒரு முறைதான்.

நியூயார்க் நகரம் காகிதத் துண்டுகளை மழையாகத் தூவி அவரை வரவேற்றது. அந்த வருடம் அவர் கலந்துகொண்டவை ஆறே போட்டிகள், ஜெயித்தவை ஐந்து. கால் அனுமதித்தது அவ்வளவுதான். எதற்குப் போவது, எதற்குப் போகாமல் இருப்பது என்பதிலும் அதே கணக்குதான்.

கணக்குக்கு அடங்காத ஓர் அடி

திட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1955-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐந்தாவது அமெரிக்க ஓப்பன் பட்டம் அவர் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. ஜாக் ஃபிளெக் என்ற, பலரும் கேள்விப்படாத ஒருவர் கடைசி நேரத்தில் வந்து சமன் செய்தார். மறுநாள் தனிச் சுற்று. கடைசிக் குழிக்கு வந்தபோது ஹோகன் ஒரே ஓர் அடி பின்தங்கியிருந்தார். டீ ஷாட் அடிக்கையில் கால் வழுக்கியது. பழைய எதிரி போல, பந்து இடப்பக்கம் வளைந்து முழங்கால் உயரப் புல்லுக்குள் போயிற்று. அதிலிருந்து வெளியே வரவே மூன்று அடிகள். பட்டம் போயிற்று. இன்னொரு வேடிக்கை, ஃபிளெக் ஆடியது ஹோகன் சொந்தமாகத் தொடங்கிய தொழிற்சாலையில் செய்த மட்டைகளால்.

அந்தத் தொழிற்சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் தயாரான மட்டைகள் தரமாக இல்லை என்று, சுமார் ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள சரக்கை விற்காமல் அழிக்கச் சொன்னார். காமர்ஸ் படித்த எவருக்கும் வயிறு எரியும். ஆனால் பிறகு அந்தப் பெயரில் வந்த மட்டைகளை மக்கள் நம்பி வாங்கினார்கள்.

1957-இல் தன் ஆட்ட முறையை ஐந்து பாடங்களாக எழுதி வெளியிட்டார். இன்றும் அது அச்சில் இருக்கிறது. அதிகம் பேசாத மனிதர், சிரித்துப் பழகாதவர் என்று பெயர். குழந்தைகள் இல்லை. 1997 ஜூலை 25 அன்று, 84 வயதில், பேப்பர் விற்ற அதே ஃபோர்ட் வொர்த் நகரில் காலமானார். பனிமூட்டத்தில் அவர் குறுக்கே பாய்ந்து காப்பாற்றிய வாலரி அப்போதும் உடன் இருந்தார். 48 வருடங்கள் கூடுதலாகக் கிடைத்த துணை.

வாசகர்களே, இதைப் படித்துவிட்டு நாளைக்கே கோல்ஃப் மட்டை வாங்கச் சொல்லவில்லை. நம் வயதில் பலருக்கு மாதம் ஒரு முறையாவது சென்னையில் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்து மணிக்கு நேரம் கொடுத்தால், விடிகாலை நான்கு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைப் பனியில் தாண்டுகிறோம். நமக்கு வேலை பத்து மணிக்கு. அங்கிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள். நேரத்தைப் பதினொன்றுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். முந்தின நாள் மாலை ரயிலில் போய் உறவினர் வீட்டில் தங்கலாம். பனி விலகியபின் கிளம்பலாம். கேட்டைத் திறந்து காரை வெளியே எடுப்பதுதான் நம்முடைய முதல் அடி. அதை எடுப்பதற்கு முந்தின இரவே கொஞ்சம் உட்கார்ந்து யோசித்துவிடுங்கள்.

தைப் பனி குறையும் வரை எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள். அடுத்த இதழில் வேறொருவர் வாழ்க்கையோடு சந்திக்கிறேன்.